போன இடத்திலேயே பதிவோம்
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் லயங்களில் இளம் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். கட்டுநாயக்கா கார்மண்டுக்கும், கொழும்புக் கடைகளுக்கும், வீட்டு வேலைக்கும் போகிறார்கள். அங்கேயே கலியாணம் கட்டி போர்டிங் அறையில் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்கள் கர்ப்பமானால் யார் பார்ப்பது? அதைப் பேசத்தான் கூடியிருக்கிறோம்.

தோட்டத்தில் என்றால் மருத்துவிச்சி லயத்துக்கே வருவார். பக்கத்து வீட்டு அக்கா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். போர்டிங்கில் கேட்க ஆளில்லை. கிளினிக்குக்கு ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் வெட்டுப்படும் என்ற பயம் வேறு.

நமக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, "விலாசம் தோட்டத்தில்தானே, ஊருக்குப் போய்ப் பதியலாம்" என்று இருந்தாள். ஏழாம் மாதம் கால் வீங்கி வந்து இறங்கினாள். கையில் கிளினிக் அட்டை இல்லை. பிரஷர் ஏறியிருந்தது. குழந்தை குறைமாதத்தில் பிறந்து பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. இருவரும் தப்பியது பெரிய காரியம். குற்றம் அவள் மேல் இல்லை. அவளுக்கு நாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே இப்போது சொல்கிறோம். ஊர் விலாசத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வாடகை அறையில் இருந்தாலும், அந்த இடத்துக் குடும்ப நல மருத்துவிச்சியிடம் பதியலாம். கலியாணம் எழுதவில்லை என்று வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். அந்தத் தாய்க்கும் கிளினிக் உண்டு. மருத்துவிச்சி யார் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். 8 கிழமைக்குள் பதிவது நல்லது. அரசாங்கக் கிளினிக்கில் காசு கேட்பதில்லை. பிரசவத்துக்கு ஊருக்கு வந்தால் அட்டை கையில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இங்குள்ள டாக்டருக்கு நடந்தது விளங்கும்.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்த முடியாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2018இல் வந்த திருத்தத்தின்படி எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 கிழமை லீவு உண்டு. ஆனால் வீட்டு வேலைக்குப் போன பிள்ளைக்கு இந்தக் காப்பு எட்டவில்லை. அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் கடமை.

தாய்மாரே, இந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் எடுக்கும்போது "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "கிளினிக்கில் பதிஞ்சாச்சா" என்றும் கேளுங்கள். இரத்தம் போனால், தலைவலி தாங்க முடியாவிட்டால், குழந்தையின் துடிப்பு குறைந்தால், விடியும் வரை பார்க்காமல் 1990க்கு எடுக்கச் சொல்லுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

தோட்டத்தை விட்டுப் போனாலும் அவர்கள் நம் பிள்ளைகள். அவர்களை விட்டுவிட மாட்டோம்.