பெயரற்ற துணி
(புளியங்குடிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

ஆடவர் உடை பற்றித் தமிழ்க் கூட்டத்தில் என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். உடைக்குப் பெயர் வேண்டும்; பெயருக்கு மொழி வேண்டும். ஆகவேதான் பேசுகின்றேன்.

1981-ஆம் ஆண்டு, சப்பானியராகிய யோசி யமமோத்தோவும் இரேய் கவகுபோ என்னும் பெண்மணியும் தாம் வடித்த உடைகளைப் பாரிசு மாநகரில் அரங்கேற்றினர். பளபளப்பையே கண்டு பழகிய அந்நகர் திகைத்தது. எங்கும் கருப்பு, தொளதொளப்பு, ஓட்டை, பிசிறு, ஊரூராய் அலைபவன் மேனியில் கிடப்பது போன்ற தோற்றம்! அவ்வுடை அணிந்து திரிந்தோரைச் சப்பானில் ‘காக்கைக் கூட்டம்’ என்றே அழைத்தனர். அந்த இருண்ட நாடோடிக் கோலம் இன்று உலக ஆடவர் உடை வணிகத்தில் ஒரு தனிக்கிளை. பின்லாந்தின் தலைநகராம் எல்சிங்கியில், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பொதுவாகக் கருப்புடை ஆக்கும் நிறுவனம் ஒன்றுண்டு. அதன் பெயர் ‘நோமென் நெசியோ’. அது பின்னியச் சொல்லன்று, ஆங்கிலமுமன்று, இலத்தீன். ‘பெயர் அறியேன்’ என்பது பொருள்.

மக்கள் நாவில் வழக்கிழந்த செம்மொழியிலிருந்து ஒரு தொடரை எடுத்துத் துணிக்குச் சூட்டி, உலகெங்கும் விற்கின்றான் வெள்ளையன். நம் செம்மொழியோ இன்றும் நாவில் உயிரோடு உலவுகின்றது. 2004 அக்டோபர் 12-இல் இந்திய அரசே அதனைச் செம்மொழி என ஒப்பியது. ஆயினும் நம் வணிகர்க்குத் துணியின்மேல் ஒரு தமிழ்ச்சொல்லைப் பொறிக்கக் கை நடுங்குகின்றது!

நாடோடி உடை நமக்குப் புதியதா? பொருநராற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். ஊர் ஊராய் அலைந்த பொருநன் கரிகாலனிடம் வருகின்றான். அவன் இடையில் இருந்தது வியர்வையில் நனைந்து, வேற்றிழை நுழைத்துத் தைத்து, ஈரும் பேனும் குடியேறிய கந்தை. அதனைக் களைவித்து, இழை ஓடும் வழி கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஆடையை, பாம்பின் உரி போன்றதை, மன்னன் நல்குகின்றான். இங்கே ஒன்று கருதுக. அந்தப் பொருநன் கந்தையை விரும்பி உடுத்தவன் அல்லன். கந்தலைக் காசு கொடுத்து வாங்குவது வயிறு நிறைந்தவன் விளையாட்டு. அதை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை.

கருநிறமும் நமக்கு அயலன்று. 1945-இல் பெரியார் கருஞ்சட்டைப் படை கண்டபோது, அது அழகுக்காக அணிந்த நிறமா? நம்மேல் சுமத்தப்பட்ட இழிவின் அடையாளம். அதனைத் துடைக்கும் உறுதி. அதற்கும் நெடுங்காலம் முன்னே, பொதியிலுக்குரிய வள்ளல் ஆய், நாகம் தந்ததென்னும் நீல ஆடையை ஆலமர் செல்வனுக்கு ஈந்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படை கூறும். பொதியில் எங்கோ இல்லை. இம்மேற்கு மலைத்தொடரிலேயே நிற்கின்றது!

ஆதலின் நான் கேட்பது கந்தலை அன்று, கருப்பையும் அன்று, பெயரை. துகில், அறுவை, கலிங்கம், மடி, காழகம் என்று எத்தனை பெயர்கள்! காழ் என்றால் கருமை என்றும் பொருளுண்டு. கருப்புடைக்குக் காழகத்தினும் பொருந்திய பெயர் வேறெம்மொழியில் கிடைக்கும்? கலிங்க நாட்டிலிருந்து வந்த துணியே கலிங்கம் ஆயிற்று என்பர். ஊர்ப்பெயர் ஆடைப்பெயரான வரலாறு அது.

உங்கள் ஊர் எலுமிச்சையைப் பாருங்கள். 2025-இல் அது நிலஞ்சார் குறியீடு பெற்றது. (அரசு அதனைப் ‘புவிசார்’ என்கின்றது; வடசொல்லை விட மனமில்லை போலும்.) காய் ஊர்ப்பெயரோடு சந்தைக்குப் போகின்றது. தறியில் நெய்த துணியோ வாங்குபவன் ஒட்டும் சீட்டின் பெயரில் போகின்றது. ‘பெயர் அறியேன்’ என்பது எல்சிங்கியில் ஓர் அழகுப் பெயர். இங்கோ நெய்தவன் நிலையே அதுதான்!

ஒன்று சொல்வேன், சினம் கொள்ள வேண்டா. கருஞ்சாயம் முதல் துவைப்பிலேயே கரைந்து ஓடினால் எந்தத் தமிழ்ப்பெயரும் அத்துணியைக் காவாது. முதலில் சாயம் நிற்கட்டும், தையல் நிற்கட்டும். பின்பு நான்கு தறிக்காரர் கூடி ஒரு பெயரைத் தேர்ந்து, ஆடவர் மேலாடைக்கு ஏற்ற துணி நூறு கோல் நெய்து, அதன் கரையில் அப்பெயரையும் ‘புளியங்குடி’ என்பதையும் தமிழெழுத்தில் நெய்து விடுங்கள். சீட்டைக் கிழிக்கலாம், கரையில் ஓடும் இழையை எவன் பிரிப்பான்? முதல் துணியில் எனக்கொரு மேலாடைக்கு இப்போதே சொல்லி வைக்கின்றேன். விலை கொடுத்தே வாங்குவேன்.