பாம்பன் பாலம் கற்பிக்கும் பாடம்

(இராமநாதபுரத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இராமேஸ்வரம் தீவில் ஒரு வீட்டில் உலை கொதிக்கிறது. அதிலிடும் அரிசி எங்கோ ஒரு வயலில் விளைந்து, ஆலையில் அரவையாகி, கிடங்கில் தங்கி, லாரியில் ஏறிக் கடலைக் கடந்து வந்தது. அத்தீவின் மீனோ பனிக்கட்டியில் பொதியப்பட்டு வெளியூர்ச் சந்தைக்குச் செல்கிறது. இவ்வாறு பலர் கைமாறிப் பொருள் செல்லும் வழியை வழங்கல் சங்கிலி என்பர். அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் உலையில் இட அரிசி இராது. மீனும் விலை போகாது.

அறுந்த கண்ணியை விரைவில் இணைப்பது எது? பணமும் இயந்திரமும் வேண்டியவைதாம். ஆனால், தலைமை தாங்குவோரின் குணமும், கூடி உழைப்போரின் பழக்கமும் அவற்றினும் முதன்மையானவை. நமது கரையிலேயே நடந்த இரண்டு செய்திகளைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலமே, 1988-இல் சாலைப் பாலம் வரும் வரையில், தீவை நிலத்தோடு பிணைத்த ஒரே பாலமாக இருந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் அடித்த பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கு சென்ற ரயில் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. பாலத்தின் கர்டர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை கடலில் வீழ்ந்தன.

பாலத்தைச் செப்பனிட ஆறு மாதம் ஆகும் என ரயில்வே கணக்கிட்டது. மேலதிகாரி அதனை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்னும் 32 வயதுப் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரோ 46 நாட்களில் வேலையை முடித்தார்!

இது எவ்வாறு இயன்றது? புதிய கர்டர்கள் தொலைவிலிருந்து வருவதற்குக் காத்திருந்தால் மாதங்கள் கழியும். வீழ்ந்த கர்டர்கள் கடலடியில் கிடக்கும் செய்தி மீனவர் வாயிலாக எட்டியது. பொறியாளர்கள் அதனை அலட்சியம் செய்யவில்லை. கர்டர்களை மேலே தூக்கி, மீண்டும் தூண்களின் மேல் அமைத்தார்கள். கடலை அறிந்தவர் சொல்லைத் தலைவர் கேளாதிருந்தால், அந்த இரும்பு அங்கேயே துருப்பிடித்திருக்கும் அன்றோ?

இது ஆபத்து வந்த பின்னர் நடந்தது. வருமுன் காப்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்களை நீங்கள் அறிவீர்கள். நாள்தோறும் பாசியைச் சுரண்டி எடுத்தால், நாளை அது வளர்வது எப்படி? ஆகவே அப்பெண்கள் மாதத்தில் 12 நாட்களே கடலில் இறங்குவது என்றும், இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது என்றும் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி அம்மையாருக்கு 2015-இல் சீகாலஜி என்னும் சர்வதேசப் பரிசு கிடைத்தது. பறிப்பவர் தாமே ஒப்புக்கொண்ட விதியாதலால், அதனைக் காப்பவரும் அவரே.

இவற்றை நமது கிராமங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். நமது மாவட்டம் கண்மாயை நம்பி வாழும் பூமி. மடை கசிகிறது என்று நீர்பாய்ச்சி ஆவணியில் கூறும்போது செவிசாய்த்தால், சில வண்டி மண்ணோடு வேலை முடியும். ஐப்பசி மழையில் கரை உடைந்த பின்னர் கேட்டால், ஓராண்டு நெல் போய்விடும். மோட்டாரின் ஓசை மாறியிருப்பதைக் குடிநீர்த் தொட்டி இயக்குபவர் முதலில் அறிவார். அதனைக் கூற வந்தவரை ஏசி அனுப்பினால், மறுமுறை அவர் வாய் திறப்பாரா? கெட்ட செய்தி கொண்டு வருபவருக்கு மரியாதை கிடைக்கும் இடத்தில்தான் பெரிய நஷ்டம் வாராது.

ஆகவே, மூன்று காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன்னர், நியாயவிலைக் கடை ஊழியர், தொட்டி இயக்குபவர், நீர்பாய்ச்சி, மீனவர், லாரி உரிமையாளர் ஆகியோரை ஒன்றாக அமர்த்தி, “உங்கள் வேலை எங்கே தடைப்படும்?” என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பொறுப்புக்கும் மாற்று ஆள் ஒருவரைப் பழக்கி வையுங்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதிதான் புதிய பாலம் திறக்கப்பட்டது. அந்த இரண்டாண்டுக்கும் மேலாகத் தீவுக்கு அரிசி வந்துகொண்டுதான் இருந்தது. சாலைப் பாலம் இருந்ததே காரணம். பாதைக்கு மாற்று வேண்டுவதுபோல் ஆளுக்கும் மாற்று வேண்டும்.

மூன்றாவது, புயல் ஓய்ந்த பின்னர் மீண்டும் கூடுங்கள். யார்மீது குற்றம் என்று தேடாமல், எங்கே தவறினோம் என்று பேசி எழுதி வையுங்கள்.

புயலைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால், புயலுக்கு மறுநாள் ஊரில் அடுப்பு எரிவது நமது கையில் இருக்கிறது. தலைமை என்பது நாற்காலியன்று. பிறர் சொல்லைக் கேட்கும் செவியே தலைமை. அத்தகைய தலைமை நமது கிராமங்கள்தோறும் வளர்க எனக் கூறி அமைகிறேன்.