கண்ணுள் வினைஞருக்கு எந்தக் கதவு?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேச வேண்டிய மேடையில் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும். அதற்குக் காரணம் ஒரு மாணவன்.

சில ஆண்டுகளுக்கு முன், மேல்நிலைப் பள்ளியை முடிக்கவிருந்த அவன், நம் அய்யலூர் வியாழச் சந்தையில் வரைந்த ஆடுகளை என்னிடம் காட்டினான். கயிற்றை இழுத்து நிற்கும் கிடாயின் கழுத்து நரம்புகூட அதில் புடைத்திருந்தது. “அம்மா, இதைப் படிக்க இடம் இருக்கிறதா?” என்றான். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. “முதலில் ஒரு பட்டம் வாங்கு, பிறகு பார்க்கலாம்” என்றேன். வாங்கினான். மீண்டும் நான்காண்டு படிக்க வீட்டில் வசதியில்லை. இன்று சரக்கு வண்டி ஓட்டுகிறான்.

ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று மதுரைக்காஞ்சி குறிப்பதை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள் நான். அந்த வினைஞர் இன்று எங்கே பயில்வார் என்பதை அதன் பிறகே தேடி அறிந்தேன்.

முதலில் நம் மாநிலத்தின் கதவுகள். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. ராய் சௌத்ரியும் கே. சி. எஸ். பணிக்கரும் முதல்வர்களாக விளங்கிய இடம் அது. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. இவை தருவது நான்காண்டுக் கவின்கலைப் பட்டம். மேல்நிலைத் தேர்ச்சியோடு, வரைந்து காட்டும் திறனும் வேண்டும். மரபுச் சிற்பத்தை நாடுவோர்க்கு 1957-இல் தோன்றிய மாமல்லபுரக் கல்லூரி இருக்கிறது; கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்து வளர்த்தது. இங்கெல்லாம் தேர்வு முடிவு வந்த பின்னரே விண்ணப்பிக்கலாம், கட்டணமும் குறைவு.

அடுத்தவை வடிவமைப்புக் கல்லூரிகள். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958-இல் அளித்த அறிக்கையின் வழியே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. நம் வீட்டுச் செம்பின் வடிவழகை வியந்து போற்றிய அறிக்கை அது! 1986-இல் தில்லியில் தொடங்கிய தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 1995 முதல் சென்னையிலும் கிளை உண்டு. ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் பட்டத்துக்கு 2015 முதல் தனி நுழைவுத் தேர்வு நடக்கிறது. கலைப் பிரிவு மாணவரும் இவற்றுக்கு முயலலாம். படம் வரைய வேண்டும். சிலவற்றில் கொடுத்த பொருள்களைக் கொண்டு உருவம் செய்து காட்டவும் வேண்டும்.

ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. வினாத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வரும். அதைவிடப் பெரிய தடை நாள்காட்டி. பொதுத்தேர்வுக்கு முன்பே விண்ணப்பம் தொடங்கி முடிந்துவிடும். நம் பிள்ளைகளோ மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த பின்புதான் “இனி என்ன படிக்கலாம்?” என்று கேட்கிறார்கள். அப்போது அந்தக் கதவு அடைபட்டிருக்கும். திறமைக் குறைவால் அன்று, தெரியாமையால் அடைபடும் கதவு அது.

தாடிக்கொம்புச் சிற்பங்களும், சின்னாளபட்டிச் சுங்குடியும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் நம் மாவட்டத்துக் கைகளின் வேலை. கைத்திறன் இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஆதலால் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்திடம் இரண்டு வேண்டுகோள். ஒவ்வொரு செப்டம்பரிலும் இக்கல்லூரிகளின் விண்ணப்ப நாள்களைத் தமிழில் எழுதி, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவோம். மாதம் ஒருமுறை நம் கவியரங்கத்தில் வரையும் பிள்ளைக்கும் ஒரு பாய் விரிப்போம்.

அன்று அந்த மாணவனுக்கு நான் சொல்லத் தவறிய விடை இதுதான். இன்னொரு பிள்ளைக்காவது அது காலத்தோடு சென்று சேரட்டும்.