வீட்டில் படிக்கும் பிள்ளையை வெளியிலிருந்து பார்ப்பவர் யார்?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்லூரியின் நூறு ஆண்டுப் பெருமையைப் பேசப் பலர் இருக்கிறார்கள். எம்மிடம் தரப்பட்ட பொழுதில் வேறொன்றைப் பேச விரும்புகிறோம். எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் கொரோனாக் காலத்திலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ரொறன்ரோவிலிருந்து வருகிறது, லண்டனிலிருந்து வருகிறது, சிட்னியிலிருந்தும் வருகிறது. "பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டி வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா?" காரணங்களும் சிறியவை அல்ல. ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம், இன்னொரு பிள்ளைக்கு வகுப்பில் தொடர்ந்த கேலி, மற்றொரு பிள்ளைக்குக் காலையில் பள்ளி என்றதும் வயிற்றுவலியும் வாந்தியும்.

வீட்டுக் கல்வி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அது சில பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. வைத்தியர்கள் என்ற முறையில் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அம்மா, அப்பாவைத் தவிர, அந்தப் பிள்ளையையும் அதன் கொப்பியையும் ஒழுங்காகப் பார்க்கப்போகிறவர் யார்?

பாடசாலை பாடம் மட்டும் சொல்லித் தருவதில்லை. சத்தமில்லாமல் வேறு பல வேலைகளையும் அது செய்கிறது. எங்கள் நாட்டில் பாடசாலை வைத்தியப் பரிசோதனை என்று ஒன்று இருப்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உயரம், நிறை, கண், காது, பல் எல்லாம் அன்று பார்க்கப்படும். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியும் பாடசாலை வழியாகவே போடப்படுகிறது. இதைவிடப் பெரியது வகுப்பாசிரியையின் கண். கரும்பலகையைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பாடத்தின் நடுவில் சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடவாததுபோலத் தொடரும் பிள்ளை. இவர்களில் பலரை எங்களிடம் அனுப்பிவைப்பது ரீச்சர்தான். கடைசியாகச் சொன்னது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வீட்டில் அதைக் "கனவு காணுது" என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

பெற்றோருக்குக் கவனமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல நடக்கும் மாற்றம் தெரியாது. பிள்ளை மெலிவதை முதலில் சொல்வது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் மாமி அல்லவா?

இந்த வெளிக்கண் முற்றாக இல்லாமற்போனால் என்ன ஆகும்? 2011 இல் வேல்ஸில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் ஸ்கர்வி நோயால் இறந்தான். விற்றமின் சி குறைவதால் வரும் நோய் அது. தோடம்பழமும் தேசிக்காயும் மாற்றிவிடக்கூடிய நோய். அவன் வீட்டில் கல்வி கற்றவன். பிள்ளையை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று கேட்கும் சட்ட அதிகாரம் கல்வி அதிகாரிகளுக்கு இருக்கவில்லை. 2023 ஓகஸ்டில் இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டாள். அவளுடைய உடம்பில் காயங்களைக் கண்டு கேட்டது பாடசாலை. அதன் பின்னர் அந்த ஏப்ரலில், வீட்டில் படிப்பிக்கப்போகிறோம் என்று சொல்லி அவளைப் பாடசாலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2024 டிசெம்பரில் தந்தையும் சிற்றன்னையும் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். பாடசாலைக்கு வராத பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்ற சட்டமூலம் அதே மாதத்தில்தான் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

இவை அரிதானவை. வீட்டில் படிப்பிக்கும் பெற்றோரில் மிகப் பெரும்பாலானோர் பிள்ளைக்காகத் தம்மை வருத்துகிறவர்கள். ஆனாலும் சட்டம் கேட்காத இடத்தில் நாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜேர்மனியில் பாடசாலைக்குப் போவது கட்டாயம். வீட்டுக் கல்விக்கு அங்கு ஏறக்குறைய இடமே இல்லை. பிரான்ஸில் 2022 முதல் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். கல்வித் திணைக்களம் ஆண்டுதோறும் பிள்ளையின் படிப்பைச் சோதிக்கும். நோர்வேயில் மேற்பார்வை நகரசபையின் கடமை. தேவைப்பட்டால் பிள்ளையைச் சோதனைக்கு அழைக்கவும் அதற்கு உரிமை உண்டு. நியூ சவுத் வேல்ஸில் பதிவு செய்யவேண்டும், அதிகாரி ஒருவர் திட்டத்தைப் பார்வையிடுவார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 3, 5, 8 ஆம் வகுப்புகளில் பொதுச் சோதனை உண்டு. அதோடு தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளையோடு பேசி, அதன் வேலைகளைப் பார்த்துச் சான்று தரவேண்டும். இங்கிலாந்திலும் ஒன்ராறியோவிலும் கட்டுப்பாடு மிகத் தளர்வானது. ஒன்ராறியோவில் பாடசாலைச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினால் பெரும்பாலும் அதுவே போதும்.

தளர்வான இடத்தில் இருப்பவர்கள் இறுக்கமான ஒழுங்கைத் தாமாகத் தெரிந்துகொள்ளலாம். கனடாவின் அல்பேர்ட்டாவில் அந்தத் தெரிவைப் பெற்றோரிடமே விட்டிருக்கிறார்கள். மேற்பார்வையுள்ள திட்டத்தில் சேர்ந்தால், சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை பிள்ளையை மதிப்பிடுவார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு வழி உண்டு. வெறுமனே பதிவு செய்துவிட்டு வீட்டில் படிப்பிக்கலாம். அல்லது இணையப் பாடசாலையில் சேர்க்கலாம். இரண்டாவதில் பிள்ளை வீட்டில் இருந்தாலும் பாடத்துக்கும் புள்ளிக்கும் அறிக்கைக்கும் ஆசிரியர் பொறுப்பு. பெயர் கேட்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பொறுப்பு யாருடையது என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே, ஒரு திட்டத்துக்குப் பணம் கட்டுமுன் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

முதலாவது, விடைகளைத் திருத்துவது யார்? விடைப்புத்தகத்தை அம்மாவிடம் அனுப்பிவிட்டு அம்மாவே திருத்தவேண்டும் என்றால் அங்கு மேற்பார்வை இல்லை.

இரண்டாவது, ஆசிரியர் பிள்ளையோடு நேரடியாகப் பேசுவாரா? அம்மாவோடு மட்டும் பேசினால் போதாது. அம்மா பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பேசக்கூடிய சிறிது நேரமாவது அதில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, முடிவில் கிடைப்பது என்ன? ஒன்ராறியோவில் வீட்டில் தாமாகப் படிப்பது உயர்பாடசாலைப் புள்ளிகளாகக் கணக்கில் வராது. அவற்றைத் தர அங்கீகாரம் பெற்ற தொலைக்கல்வி நிலையத்தில் படித்தால் வரும். இங்கிலாந்தில் என்றால் பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதவேண்டும். அதற்கு இடம் தரும் பரீட்சை நிலையம் பக்கத்தில் உண்டா? விஞ்ஞானச் செய்முறைக்கு என்ன ஏற்பாடு?

நான்காவது, பிள்ளை பின்தங்கினால் அதை யார், எப்போது, யாருக்குச் சொல்வார்? எழுத்தில் அறிக்கை வருமா?

ஐந்தாவது, திட்டத்தையே மேற்பார்வை செய்வது யார்? அழகான சான்றிதழை எவரும் அச்சடிக்கலாம். அங்கீகாரம் கொடுத்தது அரசா, வேறு அமைப்பா என்று அந்த அமைப்பிடமே விசாரியுங்கள்.

ஆறாவதாக வைத்தியர்களின் சொல் ஒன்று. இங்கிலாந்து, ஒன்ராறியோ, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களிலும் எச்.பி.வி. தடுப்பூசி பெரும்பாலும் பாடசாலையிலேயே போடப்படுகிறது. வீட்டில் இருக்கும் பிள்ளை அதைத் தவறவிடுவது மிகச் சுலபம். உங்கள் வைத்தியரிடமோ சுகாதார நிலையத்திலோ கேட்டுப் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உயரம், நிறை, கண், பல் பார்க்கவேண்டும் என்று கலண்டரில் குறித்துவையுங்கள்.

எங்களுக்கு இது புதிய கதையும் அல்ல. போர்க்காலத்தில் எங்கள் தலைமுறை கட்டடம் இல்லாமலும் படித்தது. 1995 இடப்பெயர்வின் பின் தென்மராட்சியில் இரவல் கட்டடங்களிலும் கொட்டில்களிலும் மாலை நேர வகுப்புகள் நடந்தன. கட்டடம் போனாலும் வரவு இடாப்பு போகவில்லை. யார் வரவில்லை என்று கேட்க ஆசிரியைகள் இருந்தார்கள். முடிவில் தீவு முழுவதற்கும் ஒரே வினாத்தாள் இருந்தது. எங்களை அறியாத ஒருவர் எங்கள் விடையைத் திருத்தினார். அதனால்தான் அந்தப் பெறுபேற்றை உலகம் ஏற்றுக்கொண்டது. இன்று இலங்கையில் 16 வயதுவரை கல்வி கட்டாயம். நோயாலோ வேறு காரணத்தாலோ வீட்டில் தங்கிய பிள்ளைக்கும் க.பொ.த. சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதும் வழி திறந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீட்டுக் கல்வி என்றால் வேலையை விடுவது பெரும்பாலும் அம்மாதான். பிள்ளை நன்றாகப் படித்தால் அது பிள்ளையின் கெட்டித்தனம், பின்தங்கினால் அம்மாவின் பிழை. எங்கள் குடும்பங்களில் கணக்கு இப்படித்தான் எழுதப்படும். வெளியாள் ஒருவர் தரும் அறிக்கை அந்த அம்மாவுக்கு ஒரு சாட்சி. அவள் தனியாகச் சுமக்கவில்லை என்பதற்கும் அது ஆறுதல். மேற்பார்வையைச் சந்தேகம் என்று எண்ணாதீர்கள், துணை என்று எண்ணுங்கள்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எங்களிடையே எத்தனை பேர்! வீட்டில் பிள்ளையைப் படிப்பிக்கும் பழைய மாணவி ஒருத்தியோடு, மாதத்தில் ஒரு மணித்தியாலம் செலவிட ஒருவரை இணைத்துவிடுவோம். நேரிலோ சூமிலோ பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள், ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், தமிழில் கதையுங்கள். சட்டப்படியான மேற்பார்வைக்கு இது ஈடாகாது. ஆனால் பெயர் தெரிந்த ஒரு கண்ணாவது அந்தப் பிள்ளைமேல் இருக்கும். பிள்ளையைப் பற்றி மனதில் உறுத்தல் வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டாம். இலங்கையில் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. மற்ற நாடுகளிலும் சிறுவர் பாதுகாப்புச் சேவை இருக்கிறது.

பெயர் கூப்பிட்டதும் "வந்திருக்கிறேன் ரீச்சர்" என்று எழுந்து நின்ற மண்டபம் இது. எங்கே படித்தாலும் எங்கள் பிள்ளைகளின் பெயரை யாரேனும் ஒருவர் கூப்பிடவேண்டும். அதை நாம் பார்த்துக்கொள்வோம்.