தேக்க காலத்தில் ஆளெடுப்பு
(பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



பொருளாதாரத்தில் தேக்கம் ஏற்படும்போது நிர்வாகம் முதலில் கை வைப்பது புதிய நியமனங்களில்தான். பணியில் உள்ளவரை நீக்குவது கடினம். வெளியே காத்திருப்பவரைத் தடுப்பது எளிது. ஆனால், மிச்சப்படும் செலவு பிற்காலத்தில் வேறு வடிவில் வந்து நிற்கிறது.

2001ஆம் ஆண்டை நினைவு கூர்வோம். ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 1997இல் ஏற்றபின் சம்பளச் செலவு பெருகியிருந்தது. தொழில் வளர்ச்சியோ தளர்ந்திருந்தது. ஆண்டுதோறும் சுமார் 3 சதவிகித ஊழியர்கள் ஓய்வு பெறுகின்றனர். 1 சதவிகிதத்தினரை மட்டும் புதிதாக நியமித்தால், ஐந்தாண்டுகளில் எண்ணிக்கை 10 சதவிகிதம் குறையும். மத்திய அரசு அவ்வாண்டு வரவு-செலவுத் திட்டத்தில் அளித்த கணக்கு இது. இக்கட்டுப்பாடு 2009 மார்ச் வரை நீடித்தது.

கணக்கில் பிழையில்லை. ஆனால், பணி குறைந்த பிரிவு எது என்று பார்த்து ஓய்வு வருவதில்லை. நான் பணியாற்றிய அலுவலகமொன்றில் பின்னாளில் மூத்தோர் இருந்தனர், புதியோரும் வந்தனர், கோப்புகளின் வரலாறறிந்து அவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய இடைத் தலைமுறை இல்லை. காத்திருந்தே வயது வரம்பைக் கடந்த பட்டதாரிகளின் இழப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

எனவே, பொது விகிதத்தைவிடப் பணியளவே நியமனத்துக்கு அடிப்படையாக வேண்டும். பணி குறைந்த பிரிவினருக்கு மறுபயிற்சி அளித்துத் தேவையுள்ள பிரிவுக்கு மாற்ற வேண்டும். சிறிதளவேனும் ஆண்டுதோறும் ஆளெடுக்க வேண்டும்; தடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஈடாக வயது வரம்பைத் தளர்த்த வேண்டும்.

விளைச்சல் குறைந்த ஆண்டிலும் விதைநெல்லை உழவர் உண்பதில்லை. நிர்வாகத்திற்கும் அந்நெறி பொருந்தும்.