இரவுப் பணிக்காரர்களின் உறக்கம்



இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாக அறிந்தேன். ஜொகூரில் உள்ள நம் பெக்கான் நானாஸ், குடிநுழைவுத் தடுப்பு முகாம் இருக்கும் ஊர். சீருடை வேலையின் இரவுகளை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2024 மே 17, விடியும் முன்பே உலு திராம் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டு, இரண்டு போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். நாடே கலங்கியது. பணியில் உயிர் விட்டவருக்கு நாம் மரியாதை செய்கிறோம். பணியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிறவர் மட்டும் நம் கண்ணில் படுவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை வேலையிடத்தில் விளையும் ஒன்றாக வகைப்படுத்தியது. உடலும் மனமும் வற்றிப்போவது, வேலைமீது வெறுப்பு ஏறுவது, செய்யும் வேலை தேறாமல் போவது என்று அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது. விபத்துச் சடலமும் குடும்பச் சண்டையும் பார்த்துப் பார்த்து மரத்துப்போன போலீஸ்காரர், புகார் கொடுக்க வந்த அம்மாவிடம் எரிந்து விழுகிறார். நாம் திமிர் என்கிறோம். பல வேளைகளில் அது தூக்கமின்மை. அதற்காகக் கைதியை அடிப்பதை ஒருபோதும் மன்னிக்க மாட்டேன்.

இவர்கள் குறையை யாரிடம் சொல்வது? மலேசியாவின் 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி போலீஸார் சங்கத்தில் சேர முடியாது. வாரத்துக்கு 45 மணி நேர வேலைதான் என்று 2023 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தமும் அரசு ஊழியருக்குப் பொருந்தாது. 2005இல் துன் முகமட் சைடின் தலைமையில் போலீஸ் துறையை ஆராய்ந்த அரச ஆணையம் 125 பரிந்துரைகள் தந்தது. சுயேச்சைக் கண்காணிப்பு ஆணையம் வேண்டும் என்ற பரிந்துரையைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் பேசினோம், பேசவும் வேண்டும். போலீஸ் குடியிருப்பைப் பற்றியும் அதே அறிக்கை பேசியதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

புதிய ஊதிய முறையில் பெரும்பாலான அரசு ஊழியர்களுக்கு 15 விழுக்காடு உயர்வு: 2024 டிசம்பரில் 8, 2026 ஜனவரியில் 7. மனமார வரவேற்கிறேன். இரண்டாம் பாலம் தாண்டினால் சிங்கப்பூர்ச் சம்பளம் கிடைக்கும் இந்த வட்டாரத்தில், பணத்தைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஊக்கத்தொகையும் பதக்கமும் தூக்கத்தைத் திருப்பித் தராது. தமிழ்நாடு 2021இல் காவலர்களுக்கு வார விடுப்பு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் ஒருவர் விடுப்பில் போனால் அவர் இடத்தில் நிற்க இன்னொருவர் வேண்டும். ஆள் சேர்க்காமல் தரும் விடுப்பு தாளோடு நின்றுவிடும்.

உங்களில் சிலர் நாளை மனிதவளப் பிரிவில் உட்கார்ந்து பணி அட்டவணை போடுவீர்கள். தொடர்ந்து இரவில் போடப்பட்ட பெயர் யாருடையது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். உதவி கேட்டு மனநல ஆலோசகரிடம் போனவரின் பதவி உயர்வை அதைக் காரணம் காட்டி நிறுத்தாதீர்கள்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இரவு வேலை முடித்துக் காலையில் வரும் பிள்ளையை அன்றைக்கே கல்யாண வீட்டுக்குக் கிளம்பச் சொல்லாதீர்கள். வரவில்லையே என்று சொந்தக்காரர்கள் குறைப்பட்டால், நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.