புத்தகம் யார் கையில்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது, "பொறியாளர்தானே, ஏதாவது தொழில்நுட்பம் பற்றிப் பேசுங்க" என்றார்கள். நான்தான் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுப் பொறியியல் படிக்கப் போனவன் நான். பேனா பிடித்துப் பிழைப்பவன் இல்லை. ஆனாலும் ஒரு புத்தகத்தின் விஷயத்தில் எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் ஊர் தளவானூர். செஞ்சியைச் சேர்ந்த பக்கம். எங்கள் ஊர்க் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது, சத்ருமல்லேசுவராலயம் என்று பேர். சுமார் 1400 வருஷத்துக்கு முந்தியது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் ஓடி விளையாடிய இடம். அங்கே ஒரு தமிழ்ப் பாட்டு கல்லில் வெட்டியிருக்கிறது. அரசன் கோயில் எடுத்த செய்திதான். ஆனால் பாட்டைச் சொன்ன புலவன் பேரையும் சேர்த்து வெட்டி வைத்திருக்கிறார்கள். செலவு செய்தவன் பேர் இருப்பது வழக்கம். எழுதினவன் பேரும் இருக்கிறதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எங்கள் தாத்தாவிடம் 'பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை' ஒன்று இருந்தது. சாணிக் காகிதம், கொட்டைக் கொட்டையாய் எழுத்து. செஞ்சிக்காரர்களுக்கு அந்தக் கதை தாய்ப்பால் மாதிரி. 1714இல் செத்துப்போன ராஜாவுக்காகத் திருவிழாவில் உட்கார்ந்து அழுவார்கள். அட்டையில் கடைக்காரர் பேர் இருக்கும், விலாசம் இருக்கும். அந்தக் கதையைக் கட்டினவன் யார்? தெரியாது. கல்லில் இருந்த மரியாதை காகிதத்தில் இல்லை. அச்சு வந்த பிறகு அதிகாரம் யார் கைக்குப் போனது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

தமிழில் முதல் அச்சுப் புத்தகம் 1578இல் கொல்லத்தில் வந்தது, 'தம்பிரான் வணக்கம்'. அப்புறம் தரங்கம்பாடியில் பாதிரிமார்கள் அச்சுக்கூடம் வைத்தார்கள். 1835க்குப் பிறகுதான் நம் ஆட்கள் தடையில்லாமல் அச்சகம் வைக்க முடிந்தது. அன்று புத்தகம் போடுகிறவருக்கு ஜமீன்தாரோ மடமோ கை கொடுத்தால்தான் உண்டு. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார். புத்தகம் வருமுன்னே விலை கொடுத்தவர்களுக்குக் கையொப்பக்காரர்கள் என்று பேர். இந்த வார்த்தையை ஞாபகத்தில் வையுங்கள்.

அதற்கடுத்த காலம் பதிப்பாளர் காலம், பத்திரிகைக் காலம். அந்தக் காலத்துப் பெரிய வழக்கு பாரதியார் பாட்டு வழக்கு. பாரதி 1921இல் மறைந்தார். குடும்பத்தின் பணமுடையில் அவர் எழுத்தின் உரிமை கைமாறியது. பாட்டுகளை இசைத்தட்டில் பதிக்கிற உரிமை தனியாக விலைபோய், கடைசியில் ஏவி.எம். செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். செட்டியார் வழக்குப் போட்டார். பாரதி பாட்டைப் பாட இன்னொருவர் அனுமதி வேண்டுமா என்று நாடே கேட்டது. எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்று ஒன்று அமைத்தார்கள். திருநெல்வேலிக்கே போய்ச் செல்லம்மா பாரதியைப் பார்த்துச் சம்மதம் வாங்கினார்கள். 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியின் எழுத்து உரிமையை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அது பொதுமக்கள் சொத்தாயிற்று. சக்தி வை. கோவிந்தன் போன்றவர்கள் மலிவுப் பதிப்புப் போட்டு வீடுவீடாகக் கொண்டுபோனார்கள்.

இதில் நமக்கு ஒரு பெருமை. அந்த முடிவை எடுத்த அரசாங்கத்தின் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். நம்ம திண்டிவனம் பக்கத்து மனுஷர். அதே ஆட்சியில்தான், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டமும் வந்தது. வீட்டு வரியோடு நாம் கட்டுகிற நூலக வரி அதிலிருந்து வந்ததுதான்.

நல்ல சட்டம். ஆனால் நாளடைவில் அதுவே ஒரு புது அதிகாரத்தை உண்டாக்கியது. அதற்குப் பேர் நூலக ஆணை. பல பதிப்பகங்கள் வாசகனைப் பார்ப்பதை விட்டு நூலக ஆணையைப் பார்த்துப் புத்தகம் போட்டன. 16 பக்கம் ஒரு பாரம். பாரத்துக்கு இவ்வளவு என்று அரசு விலை. ஆகவே பாரத்தைப் பெருக்கு, காகிதத்தைக் குறை என்று ஒரு தந்திரம் வளர்ந்தது. எந்தப் புத்தகம் தேர்வாகிறது, ஏன் தேர்வாகிறது என்று வருஷா வருஷம் புகார். இப்போது இணையத்தில் விண்ணப்பம் வாங்கி, வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்கிற ஏற்பாடு வந்திருக்கிறது. நன்றாக நடக்கட்டும்.

நூலக ஆணை இல்லாவிட்டால் வாழ முடியாது என்ற நிலையைக் கொஞ்சம் மாற்றியது புத்தகக் கண்காட்சி. பபாசி அமைப்பு 1977இல் சென்னை அண்ணா சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. வாசகன் நேரே வந்து காசு கொடுத்து வாங்குகிறான். இன்று மாவட்டந்தோறும் திருவிழா. கல்கியின் எழுத்துகளை 1999இல் அரசு நாட்டுடைமை ஆக்கிய பிறகு, கண்காட்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு 'பொன்னியின் செல்வன்'. ஆளுக்கொரு விலை. வாங்குகிறவனுக்கு லாபம்.

அதிகாரம் என்றால் பணம் மட்டும் இல்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நாலு வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்து, மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். ஒரு கல்லூரி ஆசிரியர், நம் ஆசிரியர்களைப் போல ஒருவர். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மறுபடி எழுத வந்தார். 2023இல் அவருடைய 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜே.சி.பி. பரிசு கிடைத்தது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடலாம், திட்டி இன்னொரு புத்தகம் எழுதலாம். எழுதினவரை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவது என்ன நியாயம்?

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். ஆஃப்செட்டில் தட்டு செய்கிற செலவு 100 பிரதிக்கும் அதேதான், 1000 பிரதிக்கும் அதேதான். அதனால் 1000 போட்டால்தான் கட்டும். முதல் போட ஆள் வேண்டும், அவர்தான் பதிப்பாளர். டிஜிட்டல் அச்சில் தட்டே கிடையாது. 50 பிரதியும் போடலாம். 2016இல் அமேசானின் கிண்டிலில் தமிழும் வந்துவிட்டது. அப்படியானால் எழுதுகிறவன் ராஜா ஆகிவிட்டானா?

அவசரப்படாதீர்கள். வெஸ்ட்லேண்ட் என்று ஒரு பதிப்பகம், அமேசான் வாங்கியிருந்தது. 2022 பிப்ரவரியில் மூடப்போகிறோம் என்று ஒரே அறிவிப்பு. நூற்றுக்கணக்கான எழுத்தாளர்கள் தங்கள் புத்தகம் என்ன ஆகும் என்று தவித்தார்கள். நல்லவேளையாக அந்தக் குழுவைப் பிரதிலிபி நிறுவனம் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவில் பெங்குவின் ராண்டம் ஹவுஸ், சைமன் அண்ட் ஷூஸ்டரை விழுங்கப் பார்த்தது. 2022 அக்டோபர் 31இல் நீதிமன்றம் தடுத்துவிட்டது. காரணம் கவனிக்க வேண்டியது: புத்தக விலை ஏறும் என்பதைவிட, எழுத்தாளருக்குக் கிடைக்கிற முன்பணம் குறையும் என்பதைத்தான் நீதிபதி முக்கியமாக எடுத்துக்கொண்டார். வாங்க வருகிற ஆள் குறைந்தால் விற்கிறவனுக்கு விலை கிடைக்காது. நம் ஊர் மல்லாட்டை மண்டியில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

இப்போது என் கடனைச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் இங்கே தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயாவை மூத்தவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளில் செஞ்சி வட்டம் முழுக்கச் சுற்றுவார். ஏரிகளின் பேர், மதகின் பேர், ஊர்ப்பேர் வந்த கதை, நடவுப் பாட்டு எல்லாம் எழுதிச் சேர்த்து 160 பக்கத்தில் ஒரு புத்தகம் செய்தார். நான்தான் பிழை திருத்த உதவினேன். 2007இல் ஒரு பதிப்பகத்தார் போட ஒப்புக்கொண்டார்கள். ஒரு தாள் கொடுத்தார்கள். சகல உரிமையும் பதிப்பகத்துக்கே என்று நாலு வரி. ஐயா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "ஏம்பா, நீதானே கூட இருந்து உழைச்ச, சாட்சியா நீயே போடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. 19 வயசு. நானும் படிக்காமல் போட்டேன்.

ராயல்டி என்று ஒரு ரூபாய் வரவில்லை. புத்தகம் தீர்ந்தது, மறுபதிப்பு வரவில்லை. ஐயா கேட்டார், பதில் இல்லை. 2019இல் காலமானார். 2022இல் அம்மா எனக்குப் போன் செய்தார். "தம்பி, அவரு புத்தகத்தைக் கேட்டு யார் யாரோ வர்றாங்க. குடுக்க ஒண்ணுகூட இல்ல. நாமளே போடலாமான்னு கேட்டா, உரிமை எங்களுதுன்னு சொல்றாங்க. அந்தத் தாள்ல உன் கையெழுத்தும் இருக்குதேப்பா." அம்மா கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

திண்டிவனத்தில் வழக்கறிஞராக இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் தாளைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "இதுல எத்தனை வருஷம்னு போடவே இல்லையே!" 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு. உரிமையை எழுத்து மூலம்தான் மாற்ற முடியும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம்தான் என்று கொள்ள வேண்டும். அதாவது 2012லேயே உரிமை ஐயாவிடம் திரும்பி வந்துவிட்டது. அவர் சாகும்வரை அது அவருக்குத் தெரியாது. எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷம் அது வாரிசுக்கு. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டோம். அதன் பிறகு பேச்சில்லை.

2023இல் நாங்கள் 40 பேர் முன்பணம் போட்டோம். உ.வே.சா. காலத்துக் கையொப்பக்காரர்கள் மாதிரி. அம்மா பேரிலேயே ஐ.எஸ்.பி.என். எண் வாங்கினோம், அதற்குக் கட்டணம் கிடையாது. டிஜிட்டலில் 100 பிரதி. ஒன்றுக்கு நூறு ரூபாய்க்குச் சற்றுக் கூடத்தான் ஆனது. முதல் பிரதியை அம்மா கையில் கொடுத்தபோது, அட்டையில் ஐயா பேரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு எங்கள் ஊர்க் கல் ஞாபகம் வந்தது.

தம்பி தங்கைகளே, உங்களில் எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். பெரிய பதிப்பகமோ, செல்போனில் 'சம்மதம்' என்று அழுத்தச் சொல்கிற நிறுவனமோ, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை வருஷம், எந்த எந்த வடிவம், எத்தனை சதவீதம், கணக்கு எப்போது வரும் என்ற நாலு கேள்வியைக் கேளுங்கள். பதிப்பாளர்களை எதிரியாக நினைக்கச் சொல்லவில்லை. கடன் வாங்கி நல்ல புத்தகம் போட்டு நொடித்துப்போன பதிப்பாளர்களும் நம்மிடம் உண்டு. கணக்கு சரியாக இருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 100 பிரதியும் தீர்ந்துவிட்டது. இரண்டாவது அச்சுக்குக் கையொப்பக்காரர்கள் வேண்டும். மண்டப வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பேரும் ஊரும் எழுதுங்கள். உங்கள் ஊர் ஏரியின் பேர் புத்தகத்தில் விட்டுப்போயிருந்தால் அதையும் எழுதுங்கள், சேர்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுமுன் நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் தயவுசெய்து படித்துவிடுங்கள்.